எம்.ஐ.ஏ.வின் ‘அருளர்’: மலையகத்தில் கேட்டவர்கள் இருந்தால் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்

கொட்டகலை_கடை

எல்லோருக்கும் வணக்கம். நான் கொட்டகலை டவுனில் ஒரு சின்னக் கொம்யூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். பாட்டுக் கேட்பது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். இன்று ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை என் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை ராப் பாடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, போனைப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இரண்டாம் நாள் இரவு கலை நிகழ்ச்சி உண்டு. கோயில் கமிட்டியில் போய்ப் பேசி மூன்று நிமிஷம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெண் பிள்ளைகள் என்றால் அந்த மேடையில் சினிமாப் பாட்டுக்குக் குழு நடனம் ஆடுவார்கள், அவ்வளவுதான். மைக்கைக் கையில் பிடித்துத் தனியாக நின்று தன் வாயால் எதையாவது சொன்ன பெண் பிள்ளையை நான் அங்கே பார்த்ததில்லை. அக்கா கொழுந்து பறிக்கிறவர். “பாட்டு விஷயம் உனக்குத்தான் தெரியும், நீ பாத்துச் சொல்லு” என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

நான் பிள்ளையிடம் சொன்னேன்: மேடை ஏறு, தடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால், ஒரு பெண் தன்னுடைய முதல் அல்பத்தில் என்ன செய்தார் என்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒழுங்காக உட்கார்ந்து கேள். அப்படி எடுத்துக் கொடுத்ததுதான் எம்.ஐ.ஏ. என்ற ராப் பாடகியின், 2005 மார்ச்சில் வந்த ‘அருளர்’.

எனக்கு இந்த அம்மாவைத் தெரிய வந்ததே ரஹ்மானால்தான். 2009-இல் ரஹ்மானுக்கு ஒஸ்கார் கிடைத்த அதே படத்தில் அவரோடு சேர்ந்து இவர் செய்த பாட்டும் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. யாரோ இந்தியப் பெண் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான், மாதங்கி அருட்பிரகாசம் என்பது முழுப் பெயர், 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இடையில் சென்னையிலும் இருந்து, 1986 வாக்கில் அகதியாகத் திரும்ப லண்டன் போனவர் என்று தெரிந்தது.

ஒரு கிழமையாக இரவில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் நானும் அவளுமாகக் கேட்டோம். லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் ஓர் எஸ்டேட்டில் வளர்ந்தார் என்று நான் சொன்னதும், “அங்கயும் தேயிலை இருக்கா சின்னம்மா?” என்றாள். அங்கே எஸ்டேட் என்றால் வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டுத் தொகுதி, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப லயம்தானே” என்றாள், தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளைச் சொல்லி. அதற்குப் பிறகு அவள் அந்த அல்பத்தைக் கேட்ட விதமே வேறு. வெளிநாட்டுப் பாட்டு என்ற கூச்சம் போய்விட்டது.

அல்பம் ஒரு பாடத்தோடு தொடங்குகிறது. ஒரு நிமிஷம்கூட இல்லை. வாழைப்பழத்துக்கு இங்கிலீஷில் சொல்லும் சொல்லை அசை அசையாக உடைத்து, அகதிப் பிள்ளைக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல் ஓதுகிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் படித்த தோட்டப் பாடசாலையில் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு. இடையில் தட்டிகூடக் கிடையாது. டீச்சர் கரும்பலகையில் பிரம்பால் ஒரு தட்டுத் தட்டுவார், நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து கத்துவோம். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு கத்துவார்கள். இரண்டு சத்தமும் கலந்து தகரக் கூரையில் மோதும். என்ன சொல்கிறோம் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது, கத்துவது மட்டும் நன்றாகத் தெரியும். அந்தக் கத்தலைப் பாட்டாக்கி ஒரு பெண் உலகம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அவர் லண்டனில் பேர்பெற்ற கலைக் கல்லூரியில் படித்தவர், நாகரிகமான இங்கிலீஷ் நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனாலும் இந்த அல்பத்தில் நாக்கைத் திருத்திக்கொள்ளவே இல்லை. தெருவில் விளையாடும் பிள்ளைகள் கை தட்டிச் சொல்லும் பாட்டு மாதிரி, உடைத்து உடைத்துச் சொல்கிறார். என் காதுக்கு இந்த அல்பத்தில் துணிச்சல் என்று பட்டது இதுதான்.

பிள்ளையின் பிரச்சினையும் இதுதான். அவள் எழுதி வைத்திருக்கும் பாட்டை வாசித்துப் பார்த்தேன். “கெத்து”, “மாஸு”, எல்லாம் சென்னைப் பேச்சு. வீட்டில் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. ஏன் என்று கேட்டால், “நம்ம பேச்சுல பாடினா சிரிப்பாங்க” என்கிறாள்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அல்ப அட்டையில் டாங்கி, குண்டு, புலி என்று படங்கள் இருக்கின்றன. அதைக் காட்டி, “இது சரியா சின்னம்மா?” என்று கேட்டாள். என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் இதைக் கேட்டவர்கள், இப்போது கேட்டுப் பார்த்தவர்கள், உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை அப்படியே எழுதுங்கள். பிள்ளையும் பக்கத்தில் இருந்து வாசிப்பாள்.

ஹட்டன்_சவுண்ட்

அக்கா, நான் கல்யாண வீடு, சடங்கு வீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுகிறவன். அட்டைப் படம், அரசியல் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது சத்தம், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த அல்பத்துக்கான பாட்டுகளை அவர் முதலில் செய்து பார்த்தது ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில். தாளமும் பேஸும் சின்தும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. அவர் அதுவரை பாடகி இல்லை, படம் வரைகிறவர். எலாஸ்டிகா என்ற லண்டன் குழுவோடு வீடியோ எடுக்கப் போனபோது, அதே மேடைகளில் பாடிய பீச்சஸ் என்ற பெண் இந்தப் பெட்டியை வைத்துத் தனியாளாக நிகழ்ச்சி நடத்தினார். நீயும் செய்து பார் என்று தூண்டியது அவர்தான். முதல் பாட்டு ‘கலாங்’ 2003-இல் வெறும் 500 இசைத்தட்டு அச்சடித்து வெளிவந்தது. தங்கச்சிக்கு இதை முக்கியமாகச் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், ஆட்கள் வருவதற்கு முன் செட் டெஸ்ட் பண்ணும் நேரத்தில் ‘கலாங்’ போட்டேன். பதினைந்து இஞ்ச் பெட்டி இரண்டு. சினிமாப் பாட்டில் எல்லாப் பக்கமும் வயலின், கோரஸ் என்று நிரப்பி வைத்திருப்பார்கள், பெட்டி ஒரே அடைப்பாக இரையும். இதில் அடி, வெற்றிடம், அடி. அந்த வெற்றிடத்தில்தான் அவருடைய குரல் நிற்கிறது. பெட்டியின் முன் வலையில் படிந்திருந்த தூசி ஒவ்வோர் அடிக்கும் எழும்பி எழும்பி விழுந்தது. மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நாலைந்து சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பாஷை யாருக்கும் புரியாது.

‘பக்கி டன் கன்’ கேட்டீர்களா? அந்தத் தாளம் பிரேசில் நாட்டு ரியோ நகரத்துச் சேரிகளில் இரவு நடனத்துக்குப் போடுவது. அங்கே டெய்ஸி திக்ரோனா என்று ஒரு பெண் பாடிய பாட்டின் துண்டை எடுத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். கேட்டவுடன் எனக்கு ஞாபகம் வந்தது தப்பு மேளம். சத்தியமாகச் சொல்கிறேன், நம் தப்புக்கு அவ்வளவு கிட்ட நிற்கிறது.

என் தாத்தா தப்படித்தவர். விடியப்புறம் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்ப அவர்தான் அடிப்பார். திருவிழாவுக்கும் அடிப்பார், சாவு வீட்டுக்கும் அடிப்பார். எல்லா இடத்துக்கும் அவர் வேண்டும், ஆனால் வாசலுக்கு வெளியில் நிற்க வேண்டும். கலை நிகழ்ச்சி மேடையில் அவரை ஏற்றியதை என் கண்ணால் கண்டதில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

ஆகவே தங்கச்சிக்கு நான் சொல்வது: யூடியூபில் கிடக்கும் ரெடிமேட் பீட்டை எடுக்க வேண்டாம். திருவிழாவுக்குத் தப்புக்காரர்கள் எப்படியும் வருவார்கள். இரண்டு பேரை மேடையில் ஏற்றி அடிக்கச் சொல்லிப் பாடட்டும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மலை இருந்தால் சத்தம் திரும்பி வந்து நம் காதிலேயே விழும், அது தாளத்தைக் கெடுக்கும். அதற்காக வேகத்தைக் கூட்டாமல், தப்பைப் பார்த்துப் பாடினால் போதும். செட் யாருடையது என்று எனக்குச் சொல்லுங்கள், நான் அவரோடு பேசுகிறேன்.

பழைய_புறக்கோட்டை

தங்கச்சி, எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. ஊர் தலவாக்கலை. 2005-இல் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றேன். கடைக்கு வரும் பையன் ஒருவன் இந்த அல்பத்தை சீ.டி.யில் அடித்து, அட்டையையும் கலர் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து தந்தான். பாட்டுகளை ஹெட்போனில் கேட்டோம். அட்டையைப் பார்த்ததும் கை நடுங்கியது. துணி சுற்றி வரும் காகிதக் குழாய்க்குள் சுருட்டி வைத்தேன்.

அப்போது பேருக்குச் சமாதான காலம். 2005 ஆகஸ்டில் வெளிநாட்டு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டதும் அவசரகாலச் சட்டம் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு லொட்ஜில் படுத்தால் நித்திரை கிடையாது. அடையாள அட்டையில் நுவரெலியா மாவட்ட முகவரி இருக்கும், தோட்டத்துப் பெயரே இருக்கும். அதைப் பார்த்த பிறகும் ஆயிரம் கேள்வி. ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் இன்னும் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு போய் ஓர் இரவு முழுக்கச் சீமெந்துத் தரையில் உட்கார வைத்தார்கள். எட்டுப் பேரும் மலையகம். அந்த இரவு முழுக்க என் மனதில் ஓடியது அந்தக் காகிதக் குழாய்தான். விடிந்து எங்களை வெளியே விட்டதும் முதல் வேலையாக அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

இதையெல்லாம் சொல்வது அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மட்டும் இல்லை. பாட்டுகள் எனக்குப் பிடித்தன, இன்றைக்கும் பிடிக்கும். அவ்வளவு கோபமும் அவ்வளவு துள்ளலும் ஒரே பாட்டில் இருப்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் துப்பாக்கியையும் டாங்கியையும் கலர் கலராக அச்சுக் குத்தி அழகுபடுத்துவது லண்டனில் இருப்பவருக்கு முடியும். அதே படம் எங்கள் சட்டைப் பையில் இருந்தால் ஆள் காணாமல் போயிருப்பான். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. அட்டையில் புலி இருப்பதால் பலபேர் அவருடைய அப்பாவையும் புலி இயக்கம் என்றே நினைக்கிறார்கள். அது தவறு. அருளர் என்ற அருட்பிரகாசம், 1975-இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட அமைப்பின் ஆரம்பகால ஆட்களில் ஒருவர். மலையகத் தமிழரையும் சேர்த்துக்கொண்டு பேசிய இயக்கம் அது. எங்கள் அப்பா காலத்தில் தோட்டங்களில் அந்தப் பேச்சு கொஞ்சம் நடமாடியது. அதனால் நமக்கு நல்லது நடந்ததா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான். யார் யாரோ பேசினார்கள், அடி நமக்கும் விழுந்தது. ஆனாலும் அந்த அல்பத்தின் பெயருக்கும் நம் மலைக்கும் ஒரு நூல் தொடர்பு இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கொட்டகலை_கடை

அண்ணே, நீங்கள் எழுதியதை நேற்று இரவு பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அந்த எட்டுப் பேரும் இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டாள்.

நானும் அவளுமாக ஒரு முடிவுக்கு வந்தோம். எம்.ஐ.ஏ.வின் பாட்டில் துப்பாக்கி வருவது, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே போரைப் பார்த்தவர் என்பதால். ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் வரும் ஒரு வரிக்காக எம்.டி.வி. அந்த வீடியோவைப் போட மறுத்தபோதும் அவர் அந்த வரியை எடுக்கவில்லை. அது அவர் கண்டது, அவர் பாடு. எங்கள் பிள்ளை துப்பாக்கியைக் கண்டது சினிமாவில்தான். ஆகவே அவள் பாட்டில் அது வேண்டாம் என்று அவளே சொன்னாள். எழுதி வைத்திருந்ததில் இரண்டு இடத்தில் “சுடுவேன்” என்று இருந்தது. பேனாவால் அடித்துவிட்டாள்.

அப்பா பற்றிச் சொன்னீர்கள். அவர் தலைமறைவாகவே இருந்தவர், வீட்டுக்கு எப்போதாவது வருவார், வரும்போது பிள்ளைகளிடம் மாமா என்று சொல்லி வைத்திருந்தார்களாம். வளர்த்து ஆளாக்கியது அம்மா கலா, லண்டனில் தையல் வேலை செய்து. அந்த அப்பாவின் பெயரை முதல் அல்பத்துக்கு வைத்தார். அப்பா அதைக் கேள்விப்பட்டு, பெயரை மாற்று என்று எழுதினாராம். மகள் மாற்றவில்லை. 2007-இல் வந்த இரண்டாவது அல்பத்துக்கு அம்மா பெயரை வைத்தார். இதைச் சொன்னபோது பிள்ளை, “ஏன் அம்மா பேரு ரெண்டாவது?” என்றாள். நியாயமான கேள்வி. எனக்கும் அது தோன்றியிருக்கிறது.

தம்பி ஹட்டன்_சவுண்ட், தப்பு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கமிட்டியில் பேச வேண்டும். லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் பேசுவேன்.

வந்துசேர்ந்தேன்

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. பதினோரு வருஷம் குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்துவிட்டு வந்தவள். மஸ்கெலியா பக்கம். இந்தப் பேச்சைப் பார்த்து மகளிடம் சொல்லி அந்த அல்பத்தைப் போடச் சொன்னேன். எனக்கு அரபு விளங்கும், இங்கிலீஷ் குறைவு. மகள் ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

‘டென் டாலர்’ வந்தபோது, “இது வேணாம்மா, அசிங்கமா இருக்கு” என்று தள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. ஒரு சின்னப் பெண் வேறு நாட்டுக்குப் போவதற்காகத் தன்னையே விலை பேசுகிற கதை. மகள் சொல்லச் சொல்ல எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. அந்த நாட்டு ஏர்போர்ட்டில் இறங்கிய அன்றே என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்தவர்களை நினைத்தேன். நான் இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பதுளைப் பிள்ளை ஒன்று இருந்தது. ராத்திரியில் குப்பை போட வரும்போது மட்டும்தான் பேசுவோம். என்ன நடக்கிறது என்று அது வாயால் சொன்னதே இல்லை. பையை வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். இந்தப் பாட்டில் அந்தப் பெண்ணின் விலை எண்ணாகவே சொல்லப்படுகிறது. நாங்கள் யாரும் எண்ணைச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு துள்ளிக்கொண்டு போகிறது. அப்படிப்பட்ட கதைக்கு ஆட்டம் போடுகிற தாளம் எனக்குப் பிடிக்கவில்லை. மகள் சொல்கிறாள், அதனால்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கேட்டபிறகுதான் விஷயம் உறைக்கிறது என்று. இருக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பிள்ளையைப் பாட விடுங்கள் தங்கச்சி.

பொகவந்தலாவை_93

எல்லோரும் நல்ல மாதிரிச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அல்பம் நல்ல அல்பம்தான், 2005-இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசின் கடைசிப் பட்டியலுக்கும் வந்தது. ஆனால் நம் பிள்ளைக்கு முன்மாதிரி தேட லண்டன் போக வேண்டுமா? அவர் வடக்கு, அவர் போர், அவர் அகதி வாழ்க்கை. நம் கதை வேறு. 1948-இல் குடியுரிமை போனது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஆட்களைப் பங்கு பிரித்துக் கப்பலேற்றினார்கள், இன்றைக்கும் நாள் சம்பளத்துக்குப் போராட்டம். 2021-இல் தமிழ்நாட்டு ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை வைத்து ஒரு பாட்டுச் செய்தாரே, அந்தப் பாட்டி இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திருப்பி அனுப்பப்பட்டவர். அதைக் கேட்டபோது எங்கள் லயத்தில் வயதானவர்கள் அழுதார்கள். அதைக் காட்டலாமே?

கொட்டகலை_கடை

தம்பி, இதில் கோபிக்க என்ன இருக்கிறது. அந்தப் பாட்டை நாங்களும் அழுதுகொண்டே கேட்டவர்கள்தான். ஆனால் அங்கே பாட்டியின் கதையைப் பேரன் சொல்கிறார். நம் பழைய தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பெண்கள் தாங்களே கட்டிப் பாடியவை. கொழுந்து மலையில் நிரையில் நின்றபடி கங்காணியை முகத்துக்கு நேரே ஏசிப் பாடியிருக்கிறார்கள். எங்கள் அம்மாயிக்கு அப்படிப் பத்துப் பாட்டாவது தெரியும். அந்த வாய் எங்கே போனது? மேடை, மைக் என்று வந்ததும் ஏன் பெண் பிள்ளைக்கு ஆட்டம் மட்டும் மிஞ்சியது? ‘அருளர்’ கேட்டபோது எனக்கு வந்தது இந்த யோசனைதான். அவர் வடக்கோ லண்டனோ, ஒரு பெண் தன் வாயால் தன் பாட்டைச் சொல்வதை இந்தப் பிள்ளை முழுசாக ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கமிட்டி தப்பை மேடையில் ஏற்ற முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “அது வழக்கமில்லை” என்றார்கள். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அம்மாயியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே ஒன்றும் பேசவில்லை, தலைவர் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார், எழும்பவில்லை. கடைசியில், மேடைக்கு ஏறும் படி வரை தப்பு வரலாம் என்றார்கள். மேல் படி மேடை மட்டத்தில்தான் இருக்கிறது. ஹட்டன்_சவுண்ட் தம்பி வந்து பார்த்து, அங்கே ஒரு மைக் வைத்துவிடலாம் என்றார்.

பிள்ளை பாட்டைப் புதிதாக எழுதிவிட்டாள். “கெத்து” எல்லாம் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் வாசித்தால் விளங்குவதற்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளம் விழுவதைப் பேர் விழுவது என்போம். சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர்தான். படங்கு என்பது கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுவது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்:

நாலு மணிக்கு அடுப்படியில ரொட்டி தட்டும் சத்தம்,
நனைஞ்ச படங்கு காயுமுன்ன பெரட்டுத் தப்புச் சத்தம்,
கொறஞ்சு போச்சு கிலோன்னாக்க அரப் பேரு போடுவ,
எங்கம்மா பேரு முழுப் பேரு, எங்க கொண்டு மூடுவ?

பாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் அவள் அம்மாவின் பெயர்தான். இங்கே எழுத மாட்டேன், திருவிழாவில் ஸ்பீக்கரில் சொல்வாள்.

நேற்றுச் சாயங்காலம் காம்பராவில் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் ரொட்டிப் பலகையில் கையால் தாளம் போட்டேன். அக்கா மலையிலிருந்து வந்து வாசலில் நின்றார். அன்றைக்கு நல்ல மழை. இடுப்பில் படங்கு சொட்டிக்கொண்டிருந்தது, அட்டை கடித்த இடத்தில் காலில் இரத்தம். உள்ளே வராமல், கழற்றாமல், அப்படியே நின்று இரண்டு தடவை கேட்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் பெயர் வந்த இடத்தில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாடி முடித்ததும், “கொறஞ்சு போச்சுன்னா நாங்க கொறச்சுப் பறிச்ச மாதிரில்ல இருக்கு?” என்றார். “கொழுந்து கொறயாது. தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ஒரு கிலோ, தராசுலதான் கழிப்பாங்க. அத எழுதலியே நீ.”

பிள்ளை கொப்பியைத் திறந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். “எத்தன கிலோ கழிச்சாங்க இன்னக்கி?” என்று கேட்டாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து படங்கை அவிழ்த்துக்கொண்டே, இன்றைக்கு, நேற்றைக்கு, போன கிழமை என்று ஒவ்வொரு நாளாகச் சொல்ல ஆரம்பித்தார்.